சிபேப் கருவியும் தூக்கம் வராமையும்

சிபேப் என்பது தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நின்றுபோகும் நோய்க்குத் தரப்படும் காற்றழுத்தக் கருவி ஆகும். ‘தொடர் நேர்மறை மூச்சுவழி அழுத்தம்’ என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகள் சேர்ந்து இப்பெயர் வந்தது. நல்ல தூக்கத்துக்காகத் தரப்படும் இக்கருவியை மாட்டிய பிறகுதான் தூக்கமே போய்விட்டது என்பது புதிதாகப் பயன்படுத்துவோர் பலரும் சொல்லும் குறை. இதனால் கருவியைப் பரணில் ஏற்றிவிடுவோரும் உண்டு. கருவியின் வேலை தூக்கத்தை வரவழைப்பது அன்று. வந்த தூக்கம் கலையாதபடி மூச்சுவழியைத் திறந்து வைப்பது மட்டுமே. தூக்கம் வராமைக்குப் பெரும்பாலும் தனியாக ஒரு காரணம் இருக்கும். அதைக் கண்டுபிடித்துத் தனியாகவே சரிசெய்ய வேண்டியிருக்கும்.

நோயும் கருவியும்

விழித்திருக்கும்போது நாக்கையும் மென்னண்ணத்தையும் தொண்டைச் சுவரையும் தசைகள் விறைப்பாகப் பிடித்து வைத்திருக்கின்றன. தூங்கியதும் இத்தசைகள் தளர்கின்றன. சிலருக்கு இத்தளர்ச்சியால் காற்று செல்லும் வழி குறுகிக் குறட்டை உண்டாகிறது. சிலருக்கு வழி முழுவதும் அடைபட்டுவிடுகிறது. இவ்வாறு மூச்சு 10 வினாடியோ அதற்கு மேலோ தடைபட்டால் அது ஒரு மூச்சுநிறுத்தம் எனக் கணக்கிடப்படும். இரத்தத்தில் ஆக்சிசன் குறைய, மூளை ஒரு கணம் விழித்துத் தசைகளை இறுக்கி மூச்சை மீட்கிறது. அந்த விழிப்பு காலையில் நினைவிருப்பதில்லை. மூச்சுநிறுத்தமும் மூச்சுக்குறைவும் சேர்ந்து மணிக்கு 5 முறைக்குக் குறைவாக இருந்தால் இயல்பு, 5 முதல் 15 வரை இலேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30க்கு மேல் கடுமையானது என மருத்துவர்கள் வகுத்துள்ளனர். சிகிச்சை இல்லாமல் விட்டால் பகல் முழுதும் தூக்கக் கலக்கம், உயர் இரத்த அழுத்தம், வாகனம் ஓட்டும்போது கண்ணயர்ந்து நேரும் விபத்து ஆகியவற்றுக்கு இந்நோய் இடமளிக்கிறது.

சிபேப் கருவியில் இருப்பது ஒரு சிறிய காற்றூதி. அறைக் காற்றை இழுத்து, ஒரு குழாய் வழியாக முகமூடிக்குள் சீரான அழுத்தத்தில் செலுத்துகிறது. அந்த அழுத்தம் தொண்டைக்குள் முட்டுக் கொடுத்தது போல நின்று சுவர்கள் ஒட்டாமல் காக்கிறது. இது ஆக்சிசன் தரும் கருவி என்று பலர் எண்ணுவது தவறு. உள்ளே செல்வது சாதாரணக் காற்றுதான். அழுத்தத்தை நீர்மட்ட உயரத்தால் அளப்பர். பெரியவர்களுக்கான கருவிகள் பொதுவாக 4 முதல் 20 செ.மீ. நீர் அழுத்தம் வரை தரும். ஓர் உயரமான குவளையில் நீர் நிரப்பி, உறிஞ்சுகுழலை 10 செ.மீ. ஆழத்தில் வைத்து மெல்ல ஊதினால், முதல் குமிழி வெளிவர எவ்வளவு அழுத்தம் வேண்டியிருக்கிறதோ அதுதான் 10 செ.மீ. நீர் அழுத்தம். வளிமண்டல அழுத்தத்தில் இது ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு. அளவில் சிறியதுதான். ஆனால் ஒவ்வொரு முறை மூச்சை வெளிவிடும்போதும் அதை எதிர்த்து விட வேண்டும் என்பதை நினைத்தால், முதல் இரவில் மனிதர்கள் திணறுவது ஏன் என்று புரியும்.

இக்கருவியை உருவாக்கியவர் ஆஸ்திரேலியாவின் சிட்னி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மருத்துவர் காலின் சல்லிவன். அதுவரை கடுமையான நோயாளிகளுக்கு இருந்த உறுதியான வழி, கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழாயை வெளியே திறந்துவிடும் அறுவை சிகிச்சைதான். 1980இல் சல்லிவன் தூசி உறிஞ்சும் இயந்திரத்தின் மோட்டாரைக் காற்றூதியாக்கி, முகமூடியைச் சிலிக்கோன் பசையால் மூக்கில் ஒட்டிச் சோதித்தார். 5 நோயாளிகளைப் பற்றிய அவருடைய குழுவின் கட்டுரை 1981இல் லான்செட் இதழில் வெளியானது. 4.5 முதல் 10 செ.மீ. வரையிலான அழுத்தத்திலேயே அந்த ஐவரும் இரவு முழுதும் தடையின்றித் தூங்கினர். இரைச்சலான மோட்டாரும் பசை ஒட்டிய முகமூடியும் அவர்களை விழிக்க வைக்கவில்லை. அவர்கள் நோய் முற்றிய நிலையில் இருந்தவர்கள். இன்று இலேசான, நடுத்தர நோய் உள்ளவர்களுக்கும் கருவி தரப்படுகிறது. அவ்வளவு தூக்கப் பசி இல்லாத அவர்களுக்குச் சிறு உறுத்தலும் பெரிதாகத் தெரிவதில் வியப்பில்லை.

தலை சாய்ந்ததும் தூங்கிய பழக்கம்

“முன்பெல்லாம் தலையணையில் தலை வைத்ததும் தூங்கிவிடுவேன், இப்போது அரை மணி நேரம் புரள்கிறேன்” என்பது அடிக்கடி கேட்கப்படும் முறையீடு. படுத்த இரண்டு நிமிடத்தில் தூங்குவது ஆரோக்கியத்தின் அடையாளம் என்றே ஊரில் பேச்சு. மருத்துவம் அதை வேறாகப் பார்க்கிறது. இரவில் தூக்கம் துண்டுதுண்டாவதால் சேர்ந்த தூக்கக் கடன்தான் அவ்வளவு விரைவில் ஆளைச் சாய்க்கிறது. நல்ல தூக்கம் உடைய ஒருவர் படுத்து 10 முதல் 20 நிமிடங்களில் தூங்குவதே இயல்பு. கருவியைச் சில வாரம் ஒழுங்காகப் பயன்படுத்தியவரின் கடன் அடையும்போது, தூங்க எடுக்கும் நேரமும் இந்த இயல்பு நிலைக்கு நீளும். அது கருவி செய்த கேடு அன்று. அரை மணி, முக்கால் மணி எனத் தொடர்ந்து நீண்டால் மட்டுமே காரணம் தேட வேண்டும்.

காற்றழுத்தத்தால் வரும் தொல்லை

விழித்திருக்கும்போது தொண்டை தானாகவே திறந்திருப்பதால் அந்நேரத்தில் முழு அழுத்தம் தேவையில்லை. இதற்காகவே கருவிகளில் படிப்படி ஏற்றம் என்ற வசதி உள்ளது. குறைந்த அழுத்தத்தில் தொடங்கி, குறித்த நேரத்தில் சிறிது சிறிதாக மருத்துவர் குறித்த அளவுக்கு ஏறும். இந்த நேரத்தைப் பெரும்பாலும் 5 முதல் 45 நிமிடங்கள் வரை வைக்கலாம். சில புதிய கருவிகள் மூச்சின் போக்கைக் கவனித்து, ஆள் தூங்கியதாகத் தோன்றிய பிறகே ஏற்றத்தைத் தொடங்கும்.

வசதி நல்லதுதான். ஆனால் இதையே தவறாக அமைத்துக்கொண்டு தூக்கத்தைத் தொலைப்பவர்களும் இருக்கிறார்கள். ஏற்றம் 4 செ.மீ. என்ற மிகக் குறைந்த அளவில் தொடங்கும்போது சிலருக்குக் காற்றே போதாதது போன்ற முட்டல் உண்டாகும். பருத்த உடலினருக்கும், மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் பெரிய முகமூடி அணிபவருக்கும் இது மிகுதி. “காற்று அதிகமாக அடிக்கிறது” என்று சொல்லவேண்டிய இடத்தில் “மூச்சு முட்டுகிறது” என்று ஒருவர் சொன்னால், குறைக்க வேண்டியதற்குப் பதில் தொடக்க அழுத்தத்தை 6 அல்லது 7 ஆகக் கூட்ட வேண்டியிருக்கலாம். புழுக்கத்தில் சன்னலைத் திறந்தது போல உடனே இதம் தெரியும். ஏற்ற நேரத்தை மிக நீளமாக வைப்பதிலும் சிக்கல் உண்டு. 45 நிமிடம் வைத்துவிட்டு 10 நிமிடத்தில் தூங்கிவிட்டால், அழுத்தம் போதுமான அளவுக்கு வருமுன் தொண்டை அடைத்து விழிப்பு வரும். எழுந்தவர் கருவியைக் குறை கூறுவார்.

மூச்சை வெளிவிடும்போது மட்டும் அழுத்தத்தைச் சற்றுக் குறைத்துத் தரும் வசதி இன்னொன்று. உள்ளிழுக்கும்போது 10 இருந்தால் வெளிவிடும்போது 7 ஆகத் தணியும். எதிர்காற்றில் சைக்கிள் மிதிப்பது போன்ற களைப்பு இதனால் குறையும். இந்த அமைப்புகளில் சிலவற்றைப் பயனரே மாற்றலாம்; சிகிச்சை அழுத்தத்தை மட்டும் மருத்துவரைக் கேட்காமல் மாற்றக் கூடாது.

மூச்சைக் கவனிப்பதும் ஒரு தொல்லை. நாள் முழுதும் நினையாமல் விடும் மூச்சை, முகமூடி மாட்டிய கணம் முதல் மனம் எண்ணத் தொடங்கிவிடுகிறது. கருவியின் வேகத்துக்குத் தாம் மூச்சுவிட வேண்டும் என்று சிலர் எண்ணிக்கொள்கின்றனர். சிபேப் கருவிக்குத் தனி வேகம் கிடையாது. அது நுரையீரலுக்காக மூச்சு விடுவதில்லை. மருத்துவமனைகளில் காணும் செயற்கை மூச்சுக் கருவியிலிருந்து இது வேறானது. இதைத் தெளிவாக அறிந்துகொண்டாலே பதற்றம் பாதி குறைகிறது. மெல்லிய குரலில் ஒரு பழக்கமான கதையையோ பாட்டையோ கேட்டுக்கொண்டிருப்பது கவனத்தை மூச்சிலிருந்து திருப்பும்.

முகமூடி

முகமூடிகள் மூவகை. மூக்கை மட்டும் மூடுவது, நாசித் துளைகளில் பொருந்தும் சிறு திண்டுகள் கொண்டது, மூக்கையும் வாயையும் மூடுவது. வாயால் மூச்சு விடும் பழக்கம் உள்ளவருக்கு மூன்றாவது வகையைக் கொடுத்துவிடுவது வழக்கம். இயன்றவரை மூக்கு வகையில் தொடங்குவதே நல்லது. பெரிய முகமூடியில் காற்றுக் கசிவு மிகுதி. அழுத்தமும் கூடுதலாகத் தேவைப்படலாம். அதை அணிவோர் கருவியைப் பயன்படுத்தும் நேரமும் குறைவாக இருப்பதை ஆய்வுகள் காட்டுகின்றன.

பெரும்பாலோர் செய்யும் பிழை, கட்டிலில் உட்கார்ந்தபடி வார்களை இறுக்கிவிட்டுப் பிறகு படுப்பது. படுத்ததும் முகத்தசை சரிந்து பொருத்தம் மாறிவிடும். கருவியை ஓடவிட்டு, படுத்த நிலையில், பக்கவாட்டில் திரும்பியும் பார்த்து வார்களைச் சரிசெய்ய வேண்டும். கசிந்தால் இன்னும் இறுக்குவது அடுத்த பிழை. முகமூடியின் விளிம்பு காற்றால் உப்பி முகத்தில் படிந்தால்தான் அடைப்பு உண்டாகும். இறுக்கினால் அது மடங்கிக் கசிவு கூடும், மூக்குத்தண்டும் புண்ணாகும். கண்ணை நோக்கி அடிக்கும் மெல்லிய கசிவு ஒன்றே இரவு முழுதும் தூங்கவிடாமல் செய்யப் போதும்.

படுக்குமுன் முகத்தில் எண்ணெயோ கிரீமோ பூசும் பழக்கம் இருந்தால் சிலிக்கோன் விளிம்பு வழுக்கும். தலைக்கு வைத்த தேங்காயெண்ணெய் நெற்றிக்கு இறங்கினாலும் அப்படியே. முகத்தைக் கழுவித் துடைத்துவிட்டு அணிய வேண்டும். விளிம்பையும் நாள்தோறும் மென்மையான சோப்பு நீரில் கழுவ வேண்டும். தாடியும் அடர்ந்த மீசையும் பெரிய முகமூடியின் பொருத்தத்தைக் கெடுக்கும். மூக்குத்தி அணியும் பெண்களுக்கு நாசித் திண்டு வகை இடறலாம். முகமூடியில் ‘உஸ்’ என்று காற்று வெளியேறும் சிறு துளைகள் கசிவு அல்ல. வெளிவிட்ட கரியமில வாயு அவற்றின் வழியேதான் போகிறது. அவற்றை ஒட்டி மூடுவது ஆபத்தானது.

மூக்கும் ஈரப்பதமும்

வேகமாக வரும் காற்று மூக்கை உலர்த்துகிறது. உலர்ந்த மூக்கு வீங்கி அடைக்கிறது. வாய் திறந்து காற்று கசிந்தால் இது இருமடங்காகும். கருவியோடு வரும் ஈரமூட்டி, நீரைச் சூடாக்கிக் காற்றில் ஈரம் சேர்க்கும். அதில் காய்ச்சி வடித்த நீரை ஊற்றுவது நல்லது. கிணற்று நீரும் குழாய் நீரும் தொட்டியில் உப்புப் படியச் செய்யும். நாள்தோறும் பழைய நீரைக் கொட்டிவிட வேண்டும். குளிர்சாதன அறையில், சூடான ஈரக் காற்று குளிர்ந்த குழாயில் செல்லும்போது நீர்த்துளிகளாகிக் களகளவென ஒலிக்கும், முகத்திலும் தெறிக்கும். ஈரத்தின் அளவைக் குறைப்பது, குழாய்க்குத் துணியுறை போடுவது, கருவியைக் கட்டிலைவிடத் தாழ்வாக வைப்பது ஆகியவை இதற்கு வழிகள். கடற்கரை ஊர்களின் புழுக்கத்தில் விசிறி மட்டும் ஓடும் அறையில் ஈரமூட்டி அதிகம் தேவைப்படாது. வெதுவெதுப்பான காற்றே தூக்கத்தைக் கெடுக்கும். ஒவ்வாமையால் தொடர்ந்து மூக்கடைப்பு இருப்பவர் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்காமல் முகமூடியை மாற்றிக்கொண்டே இருப்பதில் பயனில்லை.

அச்சம்

முகத்தை எதுவோ பற்றிக்கொண்டது போன்ற அச்சம் சிலருக்கு முகமூடியைக் கண்டாலே எழுகிறது. குறுகிய இடத்தில் அகப்பட்டால் வரும் அச்சத்தின் ஒரு வகை இது. மன உறுதி இல்லாமை என்று வீட்டார் கடிந்துகொள்வது நிலைமையை மோசமாக்கும். இதற்கு நன்கு பயன்படும் முறை, பகலில் படிப்படியாகப் பழகுதல். முதலில் வார் கட்டாமல் முகமூடியைக் கையால் முகத்தில் பிடித்து ஓரிரு நிமிடம் மூச்சு விடுவது. அது பழகியபின் வார் கட்டுவது. பிறகு கருவியை இணைத்து, தொலைக்காட்சி பார்த்தபடியோ செய்தித்தாள் படித்தபடியோ 20 நிமிடம் இருப்பது. அதன்பின் பகலில் கண்ணயர்வது. ஒரு படியில் மனம் அமைதியான பிறகே அடுத்த படி. சிலருக்கு 3 நாள், சிலருக்கு 3 வாரம். முகமூடியை ஒரே இழுப்பில் கழற்றப் பழகிக்கொள்வதும் இதில் சேர்ந்ததே. எந்நேரமும் கழற்றலாம் என்று கைக்குத் தெரிந்தால் கழற்ற வேண்டிய தேவை குறைகிறது.

நள்ளிரவில் மின்சாரம் நின்றால் முகமூடிக்குள் மூச்சடைத்து இறந்துவிடுவோமோ என்ற பயமும் பலரை விழித்திருக்க வைக்கிறது. வெளியே சொல்ல வெட்கப்படுவார்கள். மூக்கு முகமூடி அணிந்தவருக்கு வாய் திறந்தே இருக்கிறது. மூக்கையும் வாயையும் மூடும் வகையில், காற்று நின்றதும் தானே திறந்து வெளிக்காற்றை விடும் அடைப்பிதழ் உள்ளது. மின்தடையில் நேர்வது, கருவி இல்லாத பழைய நிலைக்குத் திரும்புவது மட்டுமே.

தூக்கமின்மை என்னும் தனி நோய்

எல்லாவற்றையும் சரிசெய்த பிறகும் தூங்காதவர்கள் உண்டு. அவர்களுக்குத் தூக்கமின்மையும் உடன் இருக்கலாம். மூச்சுத்தடையும் தூக்கமின்மையும் ஒருவரிடமே சேர்ந்திருப்பதை 1973இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கிறிஸ்தியன் கில்மினோ குழுவினர் எழுதினர். ஆயினும் நெடுங்காலம் மூச்சைச் சரிசெய்தால் மற்றது தானே தீரும் என்றே கருதப்பட்டது. மூச்சுத்தடை உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிப்பேர் வரை தூக்கமின்மையின் அறிகுறிகளும் கொண்டிருப்பதாக இன்று மதிப்பிடப்படுகிறது.

தூக்கமின்மைக்கு முதன்மையான சிகிச்சை மாத்திரை அன்று. அறிவுசார் நடத்தைச் சிகிச்சை. அதன் ஒரு பகுதி 1972இல் அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்டு பூட்சின் முன்வைத்த தூண்டல் கட்டுப்பாடு. விழித்துப் புரண்டே பழகிய படுக்கை, மூளைக்கு விழிப்பின் அடையாளமாகிவிடுகிறது. ஆகவே தூக்கம் வந்தபின்பே படுக்க வேண்டும்; 20 நிமிடம் போல ஆகியும் தூங்காவிட்டால் எழுந்து வேறு அறைக்குச் சென்று மங்கிய ஒளியில் அமர்ந்து, கண் சொக்கும்போது திரும்ப வேண்டும்; எவ்வளவு குறைவாகத் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழ வேண்டும். கருவி பயன்படுத்துவோருக்கு இதில் ஒரு விதி கூடுகிறது. எழும்போது முகமூடியைக் கழற்றலாம். திரும்பிப் படுக்கும்போது கட்டாயம் மாட்ட வேண்டும். படுக்கையில் இருக்கும் நேரத்தையே சுருக்கும் இன்னொரு முறையும் உண்டு. பகலில் ஏற்கெனவே தூங்கி விழுபவருக்கும் வாகனம் ஓட்டுபவருக்கும் அது ஆபத்தாகலாம் என்பதால் மருத்துவர் மேற்பார்வை இன்றிச் செய்யக் கூடாது.

இச்சிகிச்சையின் பயனை ஆஸ்திரேலியாவில் 145 பேரிடம் நடந்து 2019இல் வெளியான ஓர் ஆய்வு அளந்தது. இரு நோயும் உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்குக் கருவி தருமுன் நடத்தைச் சிகிச்சை தரப்பட்டது. அவர்கள் மற்றவர்களைவிட இரவொன்றுக்குச் சராசரியாக ஒரு மணி நேரம் அதிகமாகக் கருவியைப் பயன்படுத்தினர்.

மாத்திரைகளில் கவனம் தேவை. மதுவும் பென்சோடயாசெபைன் வகை மாத்திரைகளும் தொண்டைத் தசையை மேலும் தளர்த்தும். எசோபிக்ளோன் என்ற வேறு வகை மருந்தைத் தொடக்கத்தின் முதல் 14 இரவுகளுக்கு மட்டும் தந்தபோது, பின்னரும் கருவியின் பயன்பாடு கூடியதாக 2009இல் ஓர் அமெரிக்க ஆய்வு கண்டது. அது மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது; கடையில் கேட்டு வாங்குவதற்கு அன்று.

முதலில் தூங்கிவிட்டுப் பிறகு மாட்டுவது

தூக்கம் வரும்வரை முகமூடி வேண்டாம், தூங்கியதும் மனைவி மாட்டிவிடட்டும் என்று சில வீடுகளில் ஏற்பாடு நடக்கிறது. இதில் இருவர் தூக்கமும் கெடுகிறது. முகமூடி இல்லாமல்தான் தூக்கம் வரும் என்ற பாடத்தையும் மூளை இரவுதோறும் படித்துக்கொள்கிறது. கருவியைப் பயன்படுத்தும் பழக்கம் பெரும்பாலும் முதல் வாரத்திலேயே அமைந்துவிடுவதால் தொடக்க நாட்களில் இப்படி விட்டுவிடுவது பின்னால் திருத்தக் கடினம்.

இதன் மறுபக்கம், விடியற்காலை 3 மணிக்கு விழித்துக் கழற்றி வைத்துவிட்டுத் தூங்குவது. நாலு மணி நேரம் அணிந்தாயிற்றே என்ற நிறைவு இதில் இருக்கும். அமெரிக்க மருத்துவக் காப்பீட்டில் 70 விழுக்காடு இரவுகளில் 4 மணி நேரம் என்பது குறைந்தபட்ச அளவுகோல். போதுமான சிகிச்சை என்பதற்கான எல்லை அன்று. கனவு காணும் உறக்கநிலை இரவின் பிற்பாதியில்தான் அதிகம். அந்நிலையில் தசைகள் மிகவும் தளர்வதால் பலருக்கு மூச்சுநிறுத்தம் அப்போதே நீண்டும் கடுமையாகவும் வரும். கழற்றியவர் காப்பு மிகவும் தேவைப்படும் நேரத்தைக் காப்பின்றிக் கழிக்கிறார். விழிப்பு வந்தால் கழற்றாமல், ஏற்றப் பொத்தானை மீண்டும் அழுத்தி அழுத்தத்தைத் தொடக்க அளவுக்குக் குறைத்துக்கொண்டு தூங்க முயல்வது நல்லது.

கருவியின் கணக்கு

இன்றைய கருவிகள் அணிந்த நேரம், கசிவு, மூச்சுநிறுத்த எண்ணிக்கை ஆகியவற்றைப் பதிவு செய்கின்றன. சிலர் காலையில் எழுந்ததும் அந்த எண்ணைப் பார்த்துக் கவலையோடு நாளைத் தொடங்குகின்றனர். வீட்டுக் கருவி அளப்பது காற்றோட்டத்தை மட்டுமே. மூளை அலைகளை அன்று. ஆள் தூங்குகிறாரா என்பது அதற்கு உறுதியாகத் தெரியாது. விழித்துப் புரளும்போது பெருமூச்சு விட்டுச் சற்று மூச்சை நிறுத்தினாலும் அது ஒரு மூச்சுநிறுத்தமாகப் பதிவாகலாம். தூக்கம் வராமல் கிடந்த இரவில் எண் கூடியிருப்பதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். ஓரிரு இரவின் எண்ணைவிட இரண்டு மூன்று வாரப் பதிவே மருத்துவருக்குப் பயன்படும். அதோடு எத்தனை மணிக்குப் படுத்தது, ஏறத்தாழ எப்போது தூங்கியது, எதனால் விழித்தது என்று ஒரு தாளில் குறித்து எடுத்துச் சென்றால், கருவி சொல்லாததையும் அவர் அறிய முடியும். எண் பல வாரம் உயர்ந்தே இருந்தால், அல்லது இதயநோய் உள்ளவருக்குக் கருவி தொடங்கியபின் மூச்சு விட்டுவிட்டு நிற்பதை வீட்டார் கண்டால், தொண்டை அடைப்பால் அன்றி மூளையின் கட்டளை தவறுவதால் நேரும் மூச்சுநிறுத்தமா என்று பார்க்க வேண்டியிருக்கும். அதற்கு அழுத்த அமைப்பையோ கருவியின் வகையையோ மாற்ற நேரிடலாம் என்பதால் தாமதிக்காமல் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.